காலிக் கிண்ணத்தின் படம்

எனக்கு எச்சில் என்றால் ஆகாது. சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். சொம்பில் வாய் வைத்துத் தண்ணீர் குடிப்பவர்கள் வீட்டில் எனக்குத் தாகமே எடுக்காது. கல்யாணமான புதிதில் என் மனைவி ஒரு கடி கடித்துவிட்டு ஆசையாக நீட்டிய மாம்பழத்தைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் எறிந்துவிட்டு, நன்றாக இருந்தது என்று சொல்லியிருக்கிறேன். மைன்ஸில் என்னோடு வேலை செய்கிறவர்கள் நாலு டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து, எல்லார் கையும் எல்லாவற்றிலும் விழ, சிரித்துப் பேசிச் சாப்பிடுவார்கள். நான் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பேன். "கலெக்டரு சாப்புடுறாரு, யாரும் கிட்ட போவாதீங்க" என்று கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும் என்று இருப்பேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அந்த மே மாதத்தில் மூன்று வாரம் நான் செய்த காரியம் எவ்வளவு கேவலமானது என்று படிப்பவர்களுக்குப் புரியாது.

எங்களுக்கு ஒரே மகள். அப்போது அவளுக்கு ஆறு வயது. அவள் சாப்பிடுவது மூன்றே மூன்று பொருள்கள்: தோசையின் முறுகிய ஓரம், பொரித்த அப்பளம், மேரி பிஸ்கட். தோசையின் நடுப்பகுதி ஆகாது, மெத்தென்று இருக்கும். பிஸ்கட்டைப் பாலில் நனைக்கக் கூடாது. சோறு, குழம்பு, இட்லி, வாழைப்பழம், முட்டை என்று ஈரமாகவோ கொழகொழவென்றோ எது இருந்தாலும் கிட்டே கொண்டுபோகும்போதே அவளுக்குக் குமட்டும். கண்ணில் நீர் முட்டிக்கொள்ளும், கழுத்து நரம்பு எழும்பும். இதை நான் நாலு வருடம் பிடிவாதம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்று மனைவியைத் திட்டியிருக்கிறேன். இருபத்தெட்டு வருடமாக எச்சில் பட்ட டம்ளரைத் தொடாத ஆசாமி, மகளின் குமட்டலைத் திமிர் என்று சொன்னேன். அது எனக்கு அப்போது வேடிக்கையாகக்கூடத் தோன்றவில்லை.

ஏப்ரல் கடைசியில் முத்தாண்டிக்குப்பத்தில் மனைவி வழிச் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் என் மகள் இலைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இலையில் அப்பளம் மட்டும்தான் உடைந்திருந்தது. பரிமாறிக்கொண்டு வந்த பெரியம்மா முறைக்காரர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டார். "என்னா புள்ளைய வளத்துகினு இருக்கீங்க, எலும்பும் தோலுமா கீது" என்று சொல்லிக்கொண்டே, வீட்டு மரத்துப் பலாச்சுளை ஒன்றைப் பிட்டு, தேனில் தோய்த்து, அவள் மோவாயைப் பிடித்து வாய்க்குள் திணித்துவிட்டார். பாசத்தோடுதான் செய்தார். என் மகள் அந்தச் சுளையையும் வயிற்றில் இருந்த அப்பளத்தையும் பாயசம் ஊற்றியிருந்த பக்கத்து இலையில் வாந்தியெடுத்தாள். அந்த வரிசை மொத்தமும் எழுந்துவிட்டது. "ச்சீ" என்று யாரோ சொன்னார்கள். யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு முதலில் எழுந்தவர்களில் நானும் ஒருவன்.

மறுநாள் குழந்தை மருத்துவரிடம் போனோம். தராசில் பதினான்கு கிலோ காட்டியது. அவர் கண்ணின் கீழ்ப்பகுதியை இழுத்துப் பார்த்தார், நகத்தை அழுத்திப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். "ஒரு மாசம் டைம் தரேன். சாப்பாட்டுப் பயிற்சி குடுக்கறவங்ககிட்ட அனுப்பறேன். அதுலயும் எடை ஏறலன்னா அட்மிட் பண்ணி மூக்கு வழியா டியூப் போட்டுத்தான் ஆகணும். இதுக்கு மேல இறங்கினா தாங்காது" என்றார். மகள் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வீடு வந்து சேரும்வரை அந்தக் கையை எடுக்கவே இல்லை.

பயிற்சி கொடுப்பவர் வடலூரில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். அதிராமல் பேசினார். எனக்கு முதலில் அவர்மேல் நம்பிக்கையே இல்லை. குழந்தைக்குச் சோறூட்ட ஒரு படிப்பு, அதற்கு ஒரு மாடி, அதில் ஒரு குட்டி நாற்காலி என்று எரிச்சலாக இருந்தது. ஆனால் அவர் சொன்னதெல்லாம் தெளிவாக இருந்தது. பருப்புசாதத்தை நன்றாக மசித்து ஒரு சின்னக் கிண்ணத்தில் வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாலு வேளை, வேளைக்கு மூன்று சின்னக் கரண்டி. அறையில் ஒரே ஒரு பெரியவர்தான் இருக்கலாம். கெஞ்சக் கூடாது, திட்டக் கூடாது. கரண்டியை உதட்டருகே பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். வாயைத் திறந்தால் கொடுக்கலாம். துப்பினால் அதையே கரண்டியில் எடுத்து இன்னும் ஒரே ஒரு முறை நீட்டலாம், வேண்டாமென்றால் விட்டுவிட வேண்டும். விழுங்கினால் உடனே அவளுக்குப் பிடித்த விளையாட்டு ஐந்து நிமிடம். எங்கள் மகளுக்குச் சோப்புக் குமிழி ஊதுவது பிடிக்கும்.

"ஒவ்வொரு வேளையும் எத்தன கரண்டி உள்ள போச்சுன்னு எழுதுங்க சார். ஊட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு, ஊட்டி முடிச்சதும் ஒண்ணு கிண்ணத்த போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புங்க. பூஜ்யம்னா பூஜ்யம்னே எழுதுங்க. நீங்க எழுதறத வெச்சுத்தான் அடுத்தது என்னன்னு நான் முடிவு பண்ணுவேன்" என்றார்.

எழுதுவதைப் பற்றி எனக்கு ஒருவர் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன். நான் நிலக்கரி கொண்டுபோகும் பெல்ட்டின் கண்ட்ரோல் ரூமில் வேலை செய்கிறவன். எத்தனை மணிக்கு ஓடியது, எத்தனை மணிக்கு நின்றது, ஏன் நின்றது என்று லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அடுத்த ஷிப்டுக்கு வருகிறவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். இத்தனை வருடத்தில் ஒரு வரி பொய் எழுதியதில்லை. அங்கே பொய் எழுதினால் அடுத்து வருகிறவன் அதை நம்பி கையை உள்ளே விடுவான்.

என் மனைவி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில் போடும் கவுண்டரில் இருந்தாள். அவளுக்கும் ஷிப்ட்தான். எங்கள் குவார்ட்டர்ஸில் பல வருடமாக நாங்கள் இருவரும் சேர்ந்து வீட்டில் இருந்த நேரம் குறைவு. ஒருவர் வர, ஒருவர் போக, மகளை வாசலில் வைத்துக் கை மாற்றிக்கொள்வோம். அந்த மாதம் நான் தெரிந்தவர்களிடம் சொல்லி மூன்று வாரமும் மதியம் கிளம்பும் பி ஷிப்டாக மாற்றி வாங்கிக்கொண்டேன். அவள் காலை ஆறரைக்குப் போய் ஒன்றரைக்கு வருவாள். அவள் ஸ்கூட்டி உள்ளே வர, நான் பஸ்ஸுக்குக் கிளம்புவேன். ஆகக் காலை இரண்டு வேளை ஊட்டுவது என் பொறுப்பு, மாலை இரண்டு வேளை அவள் பொறுப்பு. பள்ளிக்கூடம் கோடை விடுமுறை.

இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தேதி, நேரம், கொடுத்தது, உள்ளே போனது, துப்பியது, கையெழுத்து என்று கட்டம் கட்டினேன். மனைவி பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏங்க, இது என்ன புள்ளையா, உங்க பெல்ட்டா?"

"எழுதினாத்தான் தெரியும். நீயும் கையெழுத்துப் போட்டுத்தான் எனக்கு ஒப்படைக்கணும்" என்றேன். மேலே ஏ ஷிப்ட், பி ஷிப்ட் என்றுகூட எழுதி வைத்தேன். இதுதான் நான் செய்த முதல் மடத்தனம். எங்கள் பிழைப்பில் இரண்டு ஷிப்ட் என்று வந்துவிட்டால், எவன் ஷிப்டில் அதிகம் ஓடியது என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். பஸ்ஸில் அதை வைத்துத்தான் ஒருவனை ஒருவன் ஓட்டுவோம். வீட்டுக்குள் அந்த நோட்டைக் கொண்டுவந்தபோது அதுவும் உள்ளே வந்துவிட்டது.

முதல் மூன்று நாள் என் கட்டத்தில் பூஜ்யம். மனைவியின் கட்டத்தில் முதல் நாள் பூஜ்யம், இரண்டாம் நாள் ஒன்று, மூன்றாம் நாள் ஒவ்வொரு வேளையும் இரண்டு.

"உங்க ஷிப்ட் ரொம்ப வீக்கா இருக்கே" என்றாள் அந்த மூன்றாம் நாள் மதியம், ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே. விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

என் வேளைகள் எப்படி இருந்தன என்று சொல்கிறேன். கரண்டியை நீட்டுவேன். அவள் உதட்டை உள்ளிழுத்துக்கொள்வாள். காத்திருக்க வேண்டும் என்று சொன்னார்கள், காத்திருப்பேன். பருப்பு ஆறி மேலே ஆடை படியும். அவள் மூக்கு விடைத்து விடைத்து அடங்கும். பத்து நிமிடம் போனதும் என் பொறுமை போகும். இடது கையால் அவள் இரண்டு கன்னத்தையும் அழுத்துவேன், வாய் திறக்கும், தள்ளிவிடுவேன். இது செய்யவே கூடாதது. திணிக்காதீர்கள் என்று மாடியில் இரண்டு முறை சொல்லியிருந்தார்கள். திணித்ததும் அது அப்படியே திரும்பி வரும். மஞ்சளாக, எச்சில் நூலோடு, என் மணிக்கட்டில் வழியும். இன்னொரு முறை நீட்ட வேண்டுமே என்று அதை வழித்தெடுப்பேன். அந்தச் சூடு, அந்த வழவழப்பு, புளித்த பால் மாதிரி ஒரு வாடை. எனக்கு அடிவயிற்றிலிருந்து புரட்டும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் எனக்கு என் மகளைப் பார்த்தால் அருவருப்பாக இருந்தது. மோவாயில் பருப்பு காய்ந்து, மூக்கு ஒழுகி, குமட்டிக் குமட்டி நாக்கைத் துருத்திக்கொண்டிருக்கும் முகத்தைப் பார்க்கும்போது பாவம் என்று தோன்றவில்லை. ச்சீ என்றுதான் தோன்றியது. காதுகுத்து வீட்டில் அந்த வார்த்தையைச் சொன்னவர் யாரோ ஒருவர், நான் பெற்றவன்.

நாலாம் நாள் மதியம். கிண்ணத்தில் மூன்று கரண்டியும் அப்படியே இருந்தது. இரண்டு கரண்டி அவள் வாய்க்குள் போய் வெளியே வந்து மறுபடி கிண்ணத்தில் சேர்ந்தது. வெளியே கேட் சத்தம் கேட்டது, ஸ்கூட்டி வந்துவிட்டது. போட்டோ அனுப்பவில்லை, கட்டம் நிரப்பவில்லை. குப்பைக்கூடையில் போட்டால் அவள்தான் கொட்டப் போகிறாள், தெரிந்துவிடும். தொட்டியில் கரைத்துவிட்டால் சோறு அடைக்கும். கொல்லைக் கதவைத் திறந்தால் எதிர் பிளாக்கில் எப்போதும் துணி காயப்போடுகிற ஒரு திருநெல்வேலிக்கார அம்மா நிற்பார். இதெல்லாம் இப்போது உட்கார்ந்து யோசித்துச் சொல்வது. அப்போது யோசிக்கவே இல்லை. கிண்ணத்தை வாயில் கவிழ்த்து அவ்வளவையும் விழுங்கிவிட்டேன்.

ஆறிப்போன பருப்புசாதம், குழந்தையின் எச்சில், கொஞ்சம் கண்ணீர் உப்பு. தொண்டையில் நின்றது. எதுக்களித்து வந்ததைக் கையால் வாயைப் பொத்தி மறுபடியும் உள்ளே தள்ளினேன். என் மகள் நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் குமட்டுவதை அவள் அன்றுதான் முதல்முறை பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

"அம்மாகிட்ட சொல்லக் கூடாது, என்ன?" என்றேன்.

தலையாட்டினாள். குமிழி ஊதும் டப்பாவை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். காலிக் கிண்ணத்தைப் படம் எடுத்தேன். கட்டத்தில் மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"பரவாயில்லையே" என்றாள் மனைவி. வடலூரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு கைதட்டும் பொம்மை வந்தது.

ஒரு நாள் என்று நினைத்துத்தான் செய்தேன். மறுநாள் இன்னும் சுலபமாக இருந்தது. ஒரு வாரத்தில் அது ஒரு முறையாகவே ஆகிவிட்டது. கரண்டியை ஒப்புக்கு ஒரு முறை நீட்டுவேன், அவள் நாக்கு நுனியில் வாங்கிச் சுத்தமாகக் கிண்ணத்திலேயே துப்புவாள், பிறகு கிண்ணத்தை இரண்டு கையாலும் என்னிடம் நகர்த்துவாள். "இந்தாப்பா" என்பாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு விழுங்குவேன். அழுகை இல்லை, கன்னத்தை அழுத்துவது இல்லை, வீட்டில் அமைதி. அந்த அமைதிக்காகத்தான் இப்படிச் செய்கிறேன், குழந்தையைக் காப்பாற்றுகிறேன் என்றுகூட ஒரு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு கெட்ட மனம் இது.

மூன்றும் உள்ளே போனால் ஒவ்வொரு கரண்டியாக ஏற்றலாம் என்று வடலூரிலிருந்து சொல்ல, நோட்டில் எண்கள் ஏறின. நான் நாலு என்றால் மாலையில் மனைவி ஐந்து. அவள் ஆறு என்றால் மறுநாள் நான் ஆறுக்குக் குறைய எழுத முடியாது. வேளைக்கு எட்டுக் கரண்டி ஆனபோது வடலூரிலிருந்து போன் வந்தது. ரொம்ப நல்ல முன்னேற்றம், இனிமேல் பருப்போடு கேரட்டையும் மசித்துச் சேர்க்கலாம், பத்துக் கரண்டிக்குப் போகலாம் என்றார். "இவ்ளோ சாப்பிடறப்ப பிஸ்கட், அப்பளம் எல்லாம் குறைச்சிடுங்க மேடம். அதுல வயிறு நெறஞ்சா இங்க பசி இருக்காது. ஒரு நாளைக்கு நாலு பிஸ்கட் போதும்" என்று மனைவியிடம் சொன்னார். மனைவி பிஸ்கட் டப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டாள்.

அடுத்த நாள் மதியம் நான் கிளம்பும்போது மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பரணைக் காட்டினாள்.

"ரெண்டு பிஸ்கட் குடேன் அவளுக்கு" என்றேன் மனைவியிடம்.

"காலைல உங்ககிட்ட பதினாறு கரண்டி சாப்பிட்டிருக்கா. இப்ப எதுக்குங்க பிஸ்கட்?"

நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் போய்விட்டேன். இரண்டு நாள் கழித்து எனக்கு வார லீவு, மாலையில் வீட்டில் இருந்தேன். மனைவி அறைக்குள் அவள் வேளையை முடித்துவிட்டுக் கதவைத் திறந்து வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "பாவமா இருக்குங்க, ஒரு ரெண்டு பிஸ்கட் எடுத்துக் குடுங்களேன்" என்றாள். நான் நோட்டைப் பார்த்தேன். பத்து என்று எழுதியிருந்தது. "பத்துக் கரண்டி சாப்பிட்டவளுக்கு எதுக்கு பிஸ்கட்? வடலூர்ல சொன்னதக் கேளு" என்றேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் வாய் கொப்பளிக்கப் போனாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அவள் பொய் எழுதுவாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பில் போடுகிறவள், ஒரு ரூபாய் குறைந்தாலும் திரும்ப எண்ணுகிறவள்.

காலை வேளைகளில் குழந்தைக்குக் காய்ச்சிய தண்ணீர் கொடுப்பேன், நாலு பிஸ்கட்டில் இரண்டு கொடுப்பேன், அப்பளம் ஒன்று பொரிப்பேன். அதற்கு மேல் கொடுக்க நோட்டு விடவில்லை. வெயில் கொளுத்தியது. அவள் ஹாலில் தரையில் படுத்துக்கொண்டு மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். குமிழி ஊதுவதைக்கூட விட்டுவிட்டாள், ஊத மூச்சு வரவில்லை. சாயங்காலம் அம்மாவிடம் பத்துக் கரண்டி போகிறது, அது போதும் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வடலூர் போனோம். எடை பார்க்கும் நாள். மாடியில் அந்தப் பெண் சிரித்த முகத்தோடு நோட்டை வாங்கிப் புரட்டினார். "இவ்ளோ நீட்டா யாரும் எழுதிக்கிட்டு வந்ததில்ல சார்" என்றார். பிறகு மகளைத் தராசில் ஏற்றினார். இறக்கி, செருப்பைக் கழற்றச் சொல்லி மறுபடி ஏற்றினார். தராசை இடம் மாற்றி வைத்தார். பதின்மூன்று கிலோ முந்நூறு.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் விரல் வைத்துப் படித்தார். எங்கள் இரண்டு பேரின் கையெழுத்தும் அந்த விரலுக்குக் கீழே ஓடியது.

"இவ்ளோ உள்ள போயிருந்தா எடை இறங்காது. உள்ள போனது வெளிய வருது" என்றார். "சாப்பிட்டு முடிச்சதும் பாத்ரூம் போறாளா?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தன் கைப்பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போவா" என்றாள் மெதுவாக. எந்தக் குழந்தைதான் போகாது.

அந்தப் பெண் குனிந்து மகளின் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுவந்தார். கோபமே இல்லாத குரலில் கேட்டார். "பாப்பா, சாப்பிட்டதுக்கு அப்புறம் யாருக்கும் தெரியாம போயி வாந்தி எடுத்துடுறியா? ஆன்ட்டி திட்ட மாட்டேன். சொல்லு."

என் மகள் என்னைப் பார்த்தாள். பிறகு அவள் அம்மாவைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள்.

இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். அந்த நொடி வந்தது, நின்றது, போனது. நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று வாரம் எச்சிலுக்குத் திறந்த வாய் அது.

அவர் எழுத ஆரம்பித்தார். இனிமேல் சாப்பிட்ட பிறகு அரைமணி நேரம் நாற்காலியிலேயே உட்கார வைக்க வேண்டும், பெல்ட் போட்டுக்கொள்ளலாம். பாத்ரூமுக்குத் தனியாக அனுப்பக் கூடாது, கதவைத் திறந்து வைத்து ஒருவர் நிற்க வேண்டும். "எதுக்கும் நாளைக்கே டாக்டரப் பாத்துடுங்க. நான் லெட்டர் தரேன். டியூப் போட வேண்டியிருக்கும்னு நெனைக்கிறேன். இவளே ஒத்துக்கிட்டதால வேற வழி தெரியல" என்றார். மகளின் கை மூக்குக்குப் போனது.

கடிதத்தை வாங்கிக்கொண்டு இறங்கினோம். பாதிப் படிக்கட்டில் மகள் நின்றாள். மேலே கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு எங்கள் இருவரின் விரலையும் பிடித்துக்கொண்டு, நல்ல சேதி சொல்கிற குரலில் சொன்னாள்.

"நான் சொல்லலப்பா. நீ சாப்பிட்டதயும் சொல்லல, அம்மா சாப்பிட்டதயும் சொல்லல."

மனைவி அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கீழே மருந்துக் கடையில் யாரோ சில்லறை கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்களுமா?" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"நாலாவது நாள்லேருந்து" என்றேன். "நீ?"

"மூணாவது நாள்லேருந்து."

என்னை வீக் என்று சொன்ன நாள் அது. அவள் காட்டிய இரண்டைத் துரத்திக்கொண்டுதான் நான் மூன்று எழுதினேன், என் மூன்றைத் துரத்திக்கொண்டு அவள் நாலு எழுதினாள். இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தின்று குழந்தையைப் பட்டினி போட்டிருக்கிறோம். எனக்கு அழுகை வரவில்லை. வாந்திதான் வந்தது. படிக்கட்டின் மூலையில், நாலு பேர் ஏறி இறங்குகிற இடத்தில், குந்தி உட்கார்ந்து எடுத்தேன். மகள் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவளுக்கு வாந்தி வரும்போது ஒரு நாளும் நான் அப்படித் தடவியதில்லை.

வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி மாடி ஏறினோம். நான்தான் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். நோட்டில் இருப்பது எதுவும் நிஜமில்லை, அவள் வாந்தி எடுக்கவில்லை, நாங்கள் தின்றோம் என்றேன். கன்னத்தை அழுத்தியதையும் சொன்னேன். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் ஒரு சுளிப்பு வந்தது. அவர் அதை மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம்தான்.

"இத நம்பி நான்தான் பிஸ்கட்டக் குறைக்கச் சொன்னேன்" என்றார் கடைசியில். நோட்டை மூடி எங்கள் பக்கம் தள்ளினார். "நிஜமா எவ்ளோ உள்ள போச்சு?"

மனைவி விரலை மடக்கி மடக்கி எண்ணிப் பார்த்தாள், பிறகு தெரியவில்லை என்றாள். எனக்கும் தெரியவில்லை. அந்தப் பெண் எங்களை விட்டுவிட்டு மகளிடம் கேட்டார்.

"அம்மாகிட்ட ரெண்டு தடவ முழுங்கினேன்" என்றாள் மகள். கொஞ்சம் யோசித்தாள். "அப்பாகிட்ட ஒண்ணும் இல்ல."

அவர் எழுந்து மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பிரித்து, தட்டில் வைத்து, அவள் முன்னால் நகர்த்தினார். மேரி பிஸ்கட். மகள் ஒன்றை எடுத்தாள். வாயருகே கொண்டுபோனவள் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இத நானே சாப்பிடலாமாப்பா?" என்று கேட்டாள்.